கையில் அணியும் காப்பும் நோயாளியின் காப்பும்



நாள்தோறும் நாம் அணிந்திருக்கும் பொருள்களைப் பற்றி நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. பீடத்தின் முன் விரலில் ஏறிய திருமண மோதிரம், புதுநன்மை வாங்கிய நாளில் பாட்டி கழுத்திலிட்ட சிலுவைச் சங்கிலி, மணநாளில் பூண்ட தாலி ஆகிய யாவும் காலப்போக்கில் உடலோடு ஒன்றிவிடுகின்றன. "இதைக் கழற்றி வையுங்கள்" என்று எவரேனும் சொல்லும் வேளையில்தான், நம் வாழ்வின் வாக்குறுதி ஒன்று அந்தச் சிறு உலோகத்தில் அடங்கியிருக்கிறது என்ற நினைவு எழுகிறது. ஆனால் பிறர் அணிந்திருப்பது மட்டும் முதல் பார்வையிலேயே நம் கண்ணில் படுகிறது. இது எதற்கு, கழற்றினால்தான் என்ன என்று கேட்கவும் தோன்றுகிறது.

இத்தகைய கேள்வி ஒன்று இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளில் எழுந்தது. சீக்கிய மருத்துவரும் செவிலியரும் தம் சமயக் கட்டளைப்படி மணிக்கட்டில் அணியும் இரும்புக் காப்பை, நோயாளியைத் தொட்டுப் பணிபுரியும்போதும் அணிந்திருக்கலாமா என்பதே அக்கேள்வி. பார்வைக்குச் சிறியதுதான். எனினும் ஒருபுறம் ஒரு மனிதரின் மனச்சான்றும், மறுபுறம் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் உயிரும் அதில் அடங்கியிருந்தன. 'காப்பு' என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கையணி என்றும் பொருள் உண்டு. பாதுகாப்பு என்றும் பொருள் உண்டு. இவ்விரு காப்புகளும் ஒன்றோடொன்று மோதியபோது நேர்ந்தது என்ன, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதை இம்மாதம் சிந்திப்போம். நம் இல்லங்களிலிருந்து செவிலியர் பணிக்கெனக் கடல் கடந்து சென்ற பிள்ளைகளும் அதே விதிகளின் கீழ்ப் பணியாற்றுகின்றனர். ஆதலால் இது நமக்கு அயலான பொருள் எனத் தள்ளிவிட இயலாது.

ஐந்து அடையாளங்கள்

1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளன்று, பஞ்சாபிலுள்ள ஆனந்த்பூரில், சீக்கியரின் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங் தம் மக்களைக் கூட்டி 'கால்சா' என்னும் சமூகத்தை நிறுவினார். அன்று ஐவர் அமிர்தம் பருகி முதன்முதலாகத் தீட்சை பெற்றனர். அத்தீட்சை பெறும் சீக்கியர், ஆணாயினும் பெண்ணாயினும், ஐந்து அடையாளங்களை எந்நேரமும் தம் உடலில் கொண்டிருத்தல் வேண்டும்.

அவை யாவை? முதலாவது, வெட்டப்படாத தலைமுடியும் தாடியும். இரண்டாவது, அம்முடியை ஒழுங்குசெய்யும் மரச்சீப்பு. மூன்றாவது, மணிக்கட்டில் அணியும் இரும்பு அல்லது எஃகுக் காப்பு. நான்காவது, அடக்கவொழுக்கத்தைக் குறிக்கும் அரைக்கால் உள்ளாடை. ஐந்தாவது, எளியோரைக் காக்கும் கடமையை நினைவூட்டும் கிர்பான் என்னும் சிறு வாள். பஞ்சாபி மொழியில் கேஷ், கங்கா, கரா, கச்சேரா, கிர்பான் என ஐந்து பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நாம் காணும் தலைப்பாகை, வெட்டப்படாத முடியைக் காத்து மூடுவது.

காப்பைப் பற்றியே நம் பேச்சாதலால் அதன் பொருளைச் சற்று விரித்துரைப்போம். வட்டத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, இறைவனும் அவ்வாறே. கை எந்தச் செயலைச் செய்ய நீண்டாலும் காப்பு கண்ணில் படும், "இது இறைவனுக்கு உகந்த செயலா?" என்று அது கேட்கும். பொன்னாலும் வெள்ளியாலும் செய்யாமல் இரும்பால் செய்வதன் நோக்கமும் தெளிவு. அழகுக்காக அணியப்படும் நகையாக அது மாறிவிடக் கூடாது என்பதே. தீட்சை பெறாத சீக்கியர் பலரும்கூட இக்காப்பை இளமை முதல் அணிந்து வருகின்றனர். தீட்சை பெற்றவரோ, உறங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

இந்தியாவுக்கு வெளியே சீக்கியர் மிகுதியாக வாழும் நாடுகளுள் பிரிட்டன் ஒன்று. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 5,24,000 சீக்கியர் வாழ்ந்தனர். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியர் பணி ஆகிய துறைகளில் அவர்கள் பலர் உளர்.

பணிவிடையும் சமயமே

நோயாளியின் பக்கத்தில் நிற்பது சீக்கியருக்கு வெறும் பிழைப்புக்கான தொழிலாக இருந்ததில்லை. அவர்களின் எட்டாம் குருவான குரு ஹர் கிருஷன், 1664ஆம் ஆண்டு டில்லியில் பெரியம்மை பரவியபோது நோயுற்றோருக்கு உதவினார் என்றும், அதே நோயால் எட்டு வயது நிரம்பும் முன்னரே உயிர்நீத்தார் என்றும் சீக்கியர் நினைவுகூர்கின்றனர். ஆனந்த்பூர்ப் போர்களின்போது பாய் கன்னையா என்பவர் தோற்பையில் தண்ணீர் சுமந்து சென்று, காயமுற்றுக் கிடந்த தம்மவருக்கும் எதிரிகளுக்கும் வேறுபாடின்றிப் புகட்டினாராம். எதிரிக்கும் தண்ணீர் தருகிறார் என்று சிலர் குற்றஞ்சாட்டியபோது, குரு கோவிந்த் சிங் அவரைக் கடிந்துகொள்ளாமல், காயத்துக்கு இடும் மருந்தையும் அவர் கையில் கொடுத்தனுப்பினார் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் வரலாறு. நல்ல சமாரியனின் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதியதாகத் தோன்றாது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 1934ஆம் ஆண்டு, லாகூர் குருத்வாரா ஒன்றில் கைவிடப்பட்ட ஊனமுற்ற சிறுவன் ஒருவனைப் பகத் பூரண் சிங் ஏற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் அவனைத் தம் முதுகிலேயே சுமந்து திரிந்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் அமிர்தசரசில் அவர் தொடங்கிய 'பிங்கல்வாடா' இல்லம், யாருமற்ற நோயாளிகளுக்கு இன்றும் அடைக்கலமாக விளங்குகிறது.

ஆகவே, ஒரு சீக்கிய மருத்துவரிடம் "காப்பைக் கழற்று, இல்லையேல் நோயாளியைத் தொடாதே" என்று கூறுவது, அவரது சமயத்தின் ஒரு கையை மற்றொரு கைக்கு எதிராக நிறுத்துவதாகும். சேவை செய் என்பதும் அவரது சமயக் கட்டளை. அடையாளத்தை நீக்காதே என்பதும் அவரது சமயக் கட்டளை.

கை கழுவும் வரலாறு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மருத்துவமனை விதியை இயற்றியோர் சமயப் பகைவர் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் நெஞ்சிலும் ஓர் அச்சம் இருந்தது. அது நியாயமான அச்சம்.

1847ஆம் ஆண்டு வியன்னாவின் பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஒன்றைக் கண்டார். பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு நேரே பேறு பார்க்க வந்த மருத்துவர்களின் பிரிவில், ஏப்ரல் மாதத்தில் மட்டும் நூறு தாய்மாருக்கு ஏறத்தாழ 18 பேர் இறந்தனர். மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். ஜூன் மாதத்தில் அத்தொகை ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. நோயைத் தீர்க்க வந்த கையே நோயைச் சுமந்து வந்தது என்ற உண்மையை அன்றைய மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஏற்றது.

கிருமி கண்ணுக்குத் தெரியாது. மோதிரத்தின் அடியிலுள்ள தோலில், மற்ற இடங்களைவிட மிகுதியான கிருமிகள் தங்குகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மணிக்கட்டில் கடிகாரமோ வளையலோ இருந்தால், கழுவுவோர் கை அவ்விடத்தில் தயங்கி நின்றுவிடும்; நீரும் சவர்க்காரமும் அதன் அடியில் செல்லா. நீண்ட கைச்சட்டையின் விளிம்பு ஒரு படுக்கையில் உராய்ந்து, அடுத்த படுக்கையிலும் உராயும்.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் மருத்துவமனைகளில் பரவி மக்களைக் கலங்கச் செய்தன. கென்ட் பகுதியில் மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் 2006 வரை குடல் தொற்று ஒன்று பரவியது. ஏறத்தாழ 90 நோயாளிகளின் இறப்புக்கு அத்தொற்று உறுதியாகவோ பெரும்பாலும் உறுதியாகவோ காரணமாயிற்று என்று 2007 அக்டோபரில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. அக்கிருமியின் வித்துகள் சாராயம் கலந்த கைத்தூய்மித் திரவத்துக்கு மடிவதில்லை. சவர்க்காரமிட்டு நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டு நீங்கும்.

இந்தச் சூழலில்தான் 2007 செப்டம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஒரு விதியை அறிவித்தார். நோயாளியைத் தொட்டுப் பணிபுரிவோர் யாவரும் முழங்கைக்குக் கீழே எதையும் அணியலாகாது என்பதே அது. நீண்ட கைச்சட்டை, கைக்கடிகாரம், வளையல், கல் பதித்த மோதிரம் ஆகிய அனைத்தும் விலக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இது மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டு அளவுகோல்கள்

விதி அனைவருக்கும் பொது என்று சொல்லப்பட்டது. ஆயினும் அதில் ஒரு விலக்கு முதலிலிருந்தே இருந்தது. கல்லில்லாத எளிய திருமண மோதிரம் மட்டும் அனுமதிக்கப்பட்டது. மோதிரம் எங்கே இருக்கிறது? கிருமி மிகுதியாகப் புழங்கும் விரலில். காப்பு எங்கே இருக்கிறது? அதற்கு மேலே, மணிக்கட்டில். நோயாளியின் உடலை முதலில் தொடுவது விரலே. அவ்வாறிருக்க விரல் மோதிரத்துக்கு இடமுண்டு, மணிக்கட்டுக் காப்புக்கு இடமில்லை என்றால், அதை அறிவியல் மட்டும் தீர்மானித்ததாகக் கொள்ள முடியுமா?

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று நம்மையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருமண மோதிரம் அந்நாட்டில் பெரும்பாலோரின் வழக்கம். அதைக் கழற்றச் சொன்னால் பல்லாயிரம் பேர் மனம் நோவர் என்பது விதி இயற்றியவருக்குக் கேளாமலே விளங்கியது. அவர்கள் விரல்களிலும் அதே மோதிரம் இருந்திருக்கும். காப்பு அணிந்தவரோ, தம் அடையாளத்தின் பொருளை எழுதியும் பேசியும் விளக்க வேண்டியிருந்தது. பெரும்பான்மையோரின் அடையாளம் 'இயல்பு' என்றும், சிறுபான்மையோரின் அடையாளம் 'சலுகை' என்றும் பெயர் பெறுவது உலகெங்கும் காணும் வழக்கு. இந்நாட்டில் சிறுபான்மையராக வாழும் நமக்கு இதன் வலி தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு 2010ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு தீர்வு பிறந்தது. சீருடை குறித்த வழிகாட்டுதலை அந்நாட்டுச் சுகாதாரத் துறை திருத்தி வெளியிட்டது. காப்பு போன்ற சமய அணி அணிவோர், கை கழுவும்போதும் நோயாளியைத் தொட்டுப் பணிபுரியும்போதும் அதை முன்கையில் மேலே தள்ளி, நழுவாதபடி நிலைநிறுத்திக்கொள்ளலாம் என்று அது கூறியது. அதே ஆவணம், கைகளை மூட விரும்பும் முஸ்லிம் பெண்களுக்கும் ஒரு வழி சொன்னது. மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறுகப் பிடிக்கும், ஒருமுறை அணிந்து எறிந்துவிடும் மேலுறைகளை அவர்கள் அணியலாம். அவற்றை அணியும் முன்னும் கழற்றிய பின்னும் கையைக் கழுவ வேண்டும்.

எத்துணை எளிய தீர்வு! மணிக்கட்டு முழுவதும் கழுவப்படுகிறது. காப்பும் உடலை விட்டு நீங்குவதில்லை. மணிக்கட்டும் முன்கையும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதே விதியின் உண்மையான நோக்கம். அது தெளிவானவுடன், அதை நிறைவேற்ற வேறு வழியும் உண்டு என்பது புலப்பட்டது. விதியின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இவ்வழி கண்ணில் பட்டிராது.

எல்லாச் சிக்கலும் இதனால் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை. அறுவைக்கூடத்தில் முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டியிருப்பதால் அங்கே கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டுதலும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. பணிநேரத்தில் மோதிரம் அணிவதை அது பொதுவாக ஊக்குவிக்கவில்லை. சமயமோ பண்பாடோ வலுவாக வேண்டினால், வழக்கமான பராமரிப்பின்போது எளிய திருமண வளையம் மட்டும் இருக்கலாம் என்கிறது. அறுவைக்கூடம் போன்ற அபாயம் மிகுந்த இடங்களிலோ எல்லா மோதிரங்களையும் கழற்ற வேண்டும் என்கிறது. அபாயம் ஏற ஏற விதியும் இறுகுகிறது. இதில் நியாயம் உண்டு.

கிர்பானைப் பற்றிய கேள்வி வேறு வகையானது. ஆடைக்குள் உறையிலிருக்கும் அது நோயாளியின் உடலைத் தொடுவதில்லை. ஆதலால் அங்கே தூய்மையைவிடப் பிறரின் பாதுகாப்பு பற்றிய எண்ணமே முன்னிற்கிறது. பொது இடத்தில் கூரிய கருவி வைத்திருப்பதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம், சமயக் காரணத்துக்காக வைத்திருப்பதை ஏற்கத்தக்க காரணமாக ஒப்புக்கொண்டுள்ளது. எனினும், மனநிலை குன்றிய நோயாளிகள் இருக்கும் பிரிவுகளில் மேலாளர்கள் தயங்குவதை நாம் புரிந்துகொள்ளலாம்.

எக்ஸெட்டர் நகரில் ஒரு சிலுவை

இக்கேள்வி கிறிஸ்தவரின் வாசலிலும் வந்து நின்றது. எக்ஸெட்டர் நகரின் அரசு மருத்துவமனையில், முதியோர் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய கிறிஸ்தவச் செவிலி ஒருவர், 1971ஆம் ஆண்டு உறுதிபூசுதல் பெற்ற நாள் முதல் கழுத்தில் சிலுவைச் சங்கிலி அணிந்து வந்தார். 2007ஆம் ஆண்டில் கழுத்து சற்றுத் திறந்த புதிய சீருடை வந்தபோது அச்சங்கிலி வெளியே தெரிந்தது. மேலாளர்கள் அதைக் கழற்றக் கூறினர். நிலைகுலைந்த நோயாளி எவரேனும் சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம்; குனியும்போது சிலுவை திறந்த காயத்தில் படலாம் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். சீருடையில் குத்தும் ஊசியணியாகவோ, உயர்ந்த கழுத்துள்ள உள்சட்டைக்குள்ளோ அணியலாம் என்று மாற்றுவழிகளும் கூறப்பட்டன. அவை தம் மனச்சான்றுக்குப் போதா என்று அவர் கருதினார்.

வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2013 ஜனவரி 15ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. சிலுவை அணிய அவர் விரும்பியது சமய உரிமையின் வெளிப்பாடே என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நோயாளிகளின் நலம் மிகவும் கனமான காரணம் என்றும், ஒரு மருத்துவப் பிரிவில் எது பாதுகாப்பு என்பதை நீதிபதிகளைவிட அங்கே இருப்போரே நன்கறிவர் என்றும் கூறி அவர் கோரிக்கையை மறுத்தது. அதே தீர்ப்பில், ஒரு விமான நிறுவனத்தில் பணியாற்றிய மற்றொரு கிறிஸ்தவப் பெண்ணின் சிலுவைக்கு இடமளிக்கப்பட்டது. விமான நிலையப் பணிமேடையில் ஒரு சிறு சிலுவையால் எவருக்கும் தீங்கில்லை என்பதே வேறுபாடு.

இத்தீர்ப்பின் உள்ளே, பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அதே எக்ஸெட்டர் மருத்துவமனையில் சீக்கியச் செவிலியர் இருவருக்கும் காப்பும் கிர்பானும் அணியலாகாது என்று கூறப்பட்டதாகவும், அவர்கள் அதற்கு இணங்கியதாகவும் பதிவாகியிருக்கிறது. சிலுவை அணிந்த செவிலியின் வழக்கை உலகமே பேசியது. அச்சீக்கியச் செவிலியரின் மன வருத்தத்தைப் பற்றி எவர் பேசினார்? வழக்குத் தொடுக்காமல் பணிக்குத் திரும்பிய அவ்விருவர், கழற்றி வைத்த காப்பை எண்ணி எத்தனை நாள் வெறுங்கையைப் பார்த்திருப்பரோ! நம்மவர் துயரம் செய்தியாகிறது; பிறர் துயரம் அடிக்குறிப்பாகிறது. இப்பழக்கத்தைக் கிறிஸ்தவ நெஞ்சம் விட்டொழிக்க வேண்டும்.

தாடியும் முகக்கவசமும்

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது கேள்வி கையை விட்டு முகத்துக்கு ஏறியது. நோயாளியின் மூச்சிலிருந்து வரும் நுண்துளிகளைத் தடுக்கும் முகக்கவசம், தோலோடு ஒட்டி இறுகப் பதிய வேண்டும். தாடி இடையில் இருந்தால் காற்று கசியும். ஆதலால் தாடி உள்ளவரைப் பல மருத்துவமனைகள் தீவிரப் பிரிவுகளிலிருந்து விலக்கி வைக்க நேர்ந்தது. தலையை முழுவதும் மூடி, தூய காற்றைச் செலுத்தும் கருவிகள் உண்டு. தாடி உள்ளவருக்கும் அவை பொருந்தும். ஆனால் விலை மிகுதி, எண்ணிக்கையோ குறைவு.

கனடாவின் மான்றியால் நகரில் மருத்துவர்களாகப் பணியாற்றிய சீக்கியச் சகோதரர் இருவர், அவ்வாண்டில் ஒரு முடிவுக்கு வந்தனர். குடும்பத்தாரோடும் சமயப் பெரியோரோடும் கலந்து பேசி, நோயாளிகளைக் கைவிட மனமில்லாமல், தம் தாடியை மழித்துக்கொண்டனர். வாழ்நாள் முழுவதும் கத்தி படாத தாடி! அம்முடிவு தமக்கு எத்துணை வேதனை தந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. சேவை என்னும் கட்டளையை அடையாளம் என்னும் கட்டளைக்கு மேலாக வைத்தனர்.

வேறு சீக்கியர் வேறு வழி தேடினர். தாடியைக் கட்டி ஒழுங்குசெய்யச் சீக்கியர் பயன்படுத்தும் துணிக்கட்டு ஒன்று உண்டு. பிரிட்டனிலிருந்த சீக்கிய மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் அதையே அடிப்படையாகக் கொண்டு, மெல்லிய ரப்பர் பட்டையால் தாடியை முழுவதும் மூடித் தலையுச்சியில் முடிந்து, அதன்மேல் முகக்கவசம் அணியும் முறையைச் சோதித்தனர். 'சிங் தட்டா முறை' என்பது அதன் பெயர். 2020ஆம் ஆண்டில் மருத்துவமனைத் தொற்று பற்றிய ஆய்விதழ் ஒன்றில் அதன் முடிவு வெளிவந்தது. சோதனைக்குட்பட்ட 27 பேரில் 25 பேருக்கு முகக்கவசம் கசிவின்றிப் பொருந்தியது. வேறொரு நுண்ணிய சோதனைக்குட்பட்ட ஐவருக்கும் பொருந்தியது. சிறிய ஆய்வுதான், எனினும் பலருக்கு நம்பிக்கையூட்டியது.

இவ்விரு வழியில் எது சிறந்தது என்று தீர்ப்பிட நாம் யார்? ஒன்றை மட்டும் சொல்லலாம். இரு சாராரும் நோயாளியை மறக்கவில்லை. "என் உரிமை" என்று மட்டும் முழங்காமல், உரிமையும் கடமையும் ஒருசேர நிற்க இடம் தேடினர். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர்கள் தலையிலேயே விழுந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. மருத்துவமனைகள் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்தால் எத்தனையோ வேதனை குறைந்திருக்கும்.

நம் திருச்சபையின் அனுபவம்

நம் அருட்சகோதரியரின் உடையையும் இவ்வேளையில் எண்ணிப் பார்ப்போம். புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய பிறரன்புப் புதல்வியர், பறவையின் சிறகு போல் இருபுறமும் விரிந்த வெண்ணிறத் தலையணியை 1964ஆம் ஆண்டு வரை அணிந்திருந்தனர். போர்க்களத்திலும் மருத்துவமனையிலும் அத்தலையணியைக் கண்டவுடன் நோயாளிகள் ஆறுதலடைந்தனர். ஆயினும் காலத்திற்கேற்ப அதை விடுத்து எளிய முக்காட்டை அவர்கள் ஏற்றனர். 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வு பற்றி வெளியிட்ட ஆவணம், துறவியரின் உடை எளிமையாகவும், உடல்நலத்துக்கு ஏற்றதாகவும், பணியின் தேவைக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் எனப் பணித்தது. கார்மேல் அன்னையின் துணி உத்தரியத்துக்குப் பதிலாக உலோகப் பதக்கம் அணியலாம் என்று பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1910ஆம் ஆண்டிலேயே அனுமதி வழங்கப்பட்டது.

ஆயினும் இதைக் காட்டி, "நாங்கள் மாற்றிக்கொண்டோம், நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சீக்கியரிடம் சொல்வது முறையாகாது. நம் அடையாளங்களை மாற்ற நம் திருச்சபைக்கே அதிகாரம் இருந்தது. நாமே ஆராய்ந்து, நாமே மாற்றினோம். உத்தரியம் பக்தி முயற்சி. காப்போ தீட்சையின் கடமை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலாது. அவர்கள் அடையாளத்தின் பொருளை அவர்களே சொல்ல வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் அவர்களே தம் மனச்சான்றின்முன் முடிவு செய்ய வேண்டும். வெளியார் செய்யத்தக்கது, விதியின் நோக்கத்தை நேர்மையாக எடுத்துரைப்பது மட்டுமே.

நாம் கேட்க வேண்டியவை

விதி இயற்றும் இடத்தில் நம்மவர் பலர் இருக்கின்றனர். பள்ளித் தலைமையாசிரியர், மருத்துவமனை நிர்வாகி, விடுதிக் காப்பாளர், தொழிற்கூட மேலாளர் எனப் பலர். அவர்கள் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்களாக. இவ்விதி யாருடைய நலனைக் காக்கிறது? அந்நலனைக் காக்க வேறு வழி உண்டா? இதே அளவுகோலால் என் அடையாளத்தையும் அளந்தேனா? இம்மூன்றுக்கும் நேரிய விடை இருந்தால் விதி உறுதியாக நிற்கும். கீழ்ப்படிவோரும் மனக்கசப்பின்றிக் கீழ்ப்படிவர்.

அடையாளம் அணிவோருக்கும் ஒரு கேள்வி உண்டு. என் சமயம் எனக்கு இதை எதற்காகத் தந்தது? நன்மை செய்யும் கையை நினைவூட்டவே காப்பு தரப்பட்டது. அக்கையால் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேரும் என்பது தெளிவாக நிறுவப்பட்டால், காப்பின் பொருளே அதை மேலே தள்ளச் சொல்லும். சிலுவைக்கும் இது பொருந்தும். காயத்தில் படக்கூடிய சிலுவையைச் சட்டைக்குள் மறைப்பது சிலுவையை மறுதலிப்பது ஆகாது.

அயல்நாட்டில் செவிலியராகப் பணிபுரியும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். மந்திரித்த கயிறு, செபமாலை மோதிரம், பொன்வளையல் ஆகியவற்றை அணிவித்து, "ஒருபோதும் கழற்றாதே" என்று அன்போடு கட்டாயப்படுத்தி அனுப்புகிறீர்கள். பணிநேரத்தில் அவர்கள் அதைக் கழற்ற நேர்ந்தால், விசுவாசம் குன்றிவிட்டதோ என்று கலங்க வேண்டாம். நன்றாகக் கழுவிய கையோடு அவர்கள் ஒரு முதியவரைத் தூக்கி அமர்த்தும்போது, நீங்கள் கற்றுத்தந்த விசுவாசமே அங்கே பணி செய்கிறது. நோயாளியைப் பார்க்கச் செல்லும் நாமும், பழக்கூடையை மேசைமேல் வைக்கும் முன் கையைக் கழுவிக்கொண்டால் அது பேருதவி.

நிறைவாக ஒன்று. தலைப்பாகையும் தாடியும் இரும்புக் காப்புமாக ஒருவரைக் காணும்போது நம் பிள்ளைகள் வியப்போடு நோக்குவர், சிலர் நகைப்பர். அவ்வேளையில் பாய் கன்னையாவின் தண்ணீர்ப் பையைப் பற்றியும், முதுகில் குழந்தையைச் சுமந்து நடந்த பூரண் சிங்கைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பிறருடைய அடையாளத்தின் பொருளை அறிந்த பிள்ளை, நாளை ஒரு விதியை இயற்றும் இடத்தில் அமரும்போது, கழற்று என்று சொல்லும் முன் காரணத்தை ஆராயும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.